லிஃப்ட் போட்ட பிக்கப்பில் பிரேக் பேட் மாற்றி மாற்றிப் பணம் பறிக்கிறார்கள், கவனம்

களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர் பக்கம் பிக்கப்பைத் தூக்கிக் கட்டி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

களக்காட்டிலிருந்து புளியரை வழியாகக் கேரளாவுக்கு வாழைத்தார் ஏற்றும் வண்டி. பின்னால் பிளேட் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் 2 இன்ச் பிளாக் வைத்து, முன்னால் டார்ஷன் பாரை (ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பி) முறுக்கி, பெரிய டயர் போட்டாயிற்று. அதற்குப் பிறகு பிரேக் கத்துகிறது என்று போனால், ஒர்க்‌ஷாப்பில் ஐந்தே மாதத்தில் மூன்று முறை முன் பேட் மாற்றினார்கள். டிஸ்க்கை இரண்டு முறை லேத்தில் கடைந்தார்கள். மொத்தம் 23,400 ரூபாய். சத்தம் மட்டும் போகவில்லை. கேட்டால் ஒரே பதில்தான்: "புது பேடு அண்ணாச்சி, கொஞ்சம் கத்தத்தான் செய்யும். ஓட ஓட சரியாயிரும்." நான்காவது முறை, பெடலை அமுக்கினால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்றார்கள். அப்போதுதான் வண்டி வேறு மெக்கானிக் கைக்கு வந்தது.

வலது முன் வீலைக் கழற்றியதுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. உள் பேடில் 2 மி.மீ. லைனிங், வெளிப் பேடில் 7 மி.மீ. இரண்டும் ஒரே நாளில் போட்டவை. இப்படி ஏறுக்குமாறாகத் தேய்ந்தால் பேடின் தரத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, முதலில் ஸ்லைடு பின்னை, அதாவது காலிப்பர் (பேட்களைப் பிடித்திருக்கும் கவ்வி) நழுவி நகரும் கம்பியைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் தள்ளுவது உள் பேடைத்தான். காலிப்பர் பின்னில் நழுவி வந்தால்தான் வெளிப் பேடும் டிஸ்க்கைப் பிடிக்கும். பின் இறுகிவிட்டால் உள் பேட் மட்டும் உழைத்துத் தேயும், பெடலை விட்ட பிறகும் உரசிக் கத்தும். பின்னை உருவினால் வீல் பேரிங்குக்கு வைக்கிற சாதா கிரீஸ் அப்பியிருந்தது. அது ரப்பர் பூட்டை உப்ப வைத்துவிடும், பின் அதிலேயே சிக்கிக்கொள்ளும். அங்கே சிலிக்கான் பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும், அதுவும் மெல்லிய பூச்சாக. மூன்று முறை பேட் மாற்றியவர்கள் ஒரு முறைகூட இந்தப் பின்னை உருவிப் பார்க்கவில்லை.

மாஸ்டர் சிலிண்டரா இல்லையா என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். வீலைத் தூக்கி, பிரேக்கை அமுக்கி விட்டபின் வீல் இறுக்கமாக இருந்தால் பிளீடரை (காலிப்பரில் ஆயிலையும் ஏரையும் வெளியேற்றும் திருகு) திறங்கள். ஆயில் பீய்ச்சி வீல் லூசானால் உள்ளே அழுத்தம் மாட்டியிருக்கிறது. லூசாகவில்லையென்றால் பிஸ்டனோ பின்னோ சிக்கியிருக்கிறது. அழுத்தம் மாட்டியிருந்தால், மறுபடி அமுக்கிவிட்டு இந்த முறை ரப்பர் ஹோஸுக்கு முன்னால் உள்ள இரும்புப் பைப் நட்டைத் தளர்த்துங்கள். வீல் லூசானால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். ஆகாமல் பிளீடரில் மட்டும் லூசானால் ஹோஸ் உள்ளே சுருங்கி அடைத்திருக்கிறது. சோதனை முடிந்ததும் நட்டை இறுக்கி ஏர் எடுக்க மறக்காதீர்கள். இந்த வண்டியில் பிளீடரைத் திறந்தும் வீல் அசையவில்லை, பின்னைச் சுத்தம் செய்ததும் கையாலேயே சுற்றியது. மாஸ்டர் சிலிண்டரில் ஒரு குறையும் இல்லை.

இதைவிடப் பெரிய கோளாறு பின்னால் இருந்தது. பல பிக்கப்களில் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) லோடு சென்சிங் வால்வு ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏறி வண்டி அமுங்கினால் வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டியில் பின் வீல் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். 2 இன்ச் தூக்கியதும் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி கூடிவிடுகிறது. தாருக்கு மேல் தார் அடுக்கியிருந்தாலும் வால்வுக்கு அது காலி வண்டி மாதிரிதான். பின் டிரம் பிரேக் பேருக்குப் பிடிக்கும். வழியில் உள்ள ஆரியங்காவு மலை இறக்கம் மொத்தத்தையும் முன் பேட் தாங்கும். சூட்டில் பேட் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கீச்சிடும். டயர் பெரிதானதால் வண்டியை நிறுத்தப் பிரேக்குக்குக் கூடுதல் பலமும் வேண்டும்.

சரியான வழி, ஆக்சில் பக்கம் கம்பி மாட்டும் இடத்தை 2 இன்ச் உயர்த்தும் பிராக்கெட், அல்லது அந்த அளவுக்கு நீளமான கம்பி. பிறகு பின் பிரேக் அழுத்தத்தைப் பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது ஜாக்கி ஆக்சிலுக்கு அடியில் இருக்கட்டும். சேசிஸில் வைத்துத் தூக்கினால் ஆக்சில் தொங்கி, வால்வு இன்னும் மூடிக்கொள்ளும். ஏ.பி.எஸ். (வீல் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சில வண்டிகளில் இந்த வால்வே கிடையாது.

லிஃப்ட் போட்டவர் இதில் எதையும் சொல்லவில்லை. பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் சொல்லவில்லை.

இன்னும் சில இடங்கள். ஹேண்ட்பிரேக் கேபிள் இழுபட்டிருந்தால் பின் டிரம் சூடாகும். வயல் சேறு புகுந்தால் டிரம்முக்குள் தேய்மானத்தை ஈடுகட்டும் அட்ஜஸ்டர் இறுகி, பெடல் ஆழமாகப் போகும். எந்தப் பக்கம் சூடு என்று பார்க்கக் கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், தொடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். இந்த வண்டியின் டிஸ்க் இரண்டாவது கடைசலிலேயே அந்த அளவுக்குக் கீழே போய்விட்டது. புது டிஸ்க் இரண்டு வாங்க வேண்டியதாயிற்று. கடையும் முன்பு மைக்ரோமீட்டர் வைத்து அளவைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பேட் நான்கையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கே வேலை கொடுக்காதீர்கள். ஏமாந்திருந்தால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. அந்த ஒர்க்‌ஷாப் 800 ரூபாய்க்கு 'வால்வு செட்டிங்' என்று சொன்னது, லோடு சென்சிங் வால்வின் லீவரை முழு லோடு நிலையில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுவதை. பேட் தேய்வது அதில் குறையும், உண்மைதான். ஆனால் காலி வண்டியில் பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும், ஈர ரோட்டில் பின் வீல் பூட்டி வண்டி குறுக்கே திரும்பிவிடும். உங்கள் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த லீவரில் கம்பி சுற்றியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், பிராக்கெட் போட்டுச் சரிசெய்யும்வரை மழையில் வண்டியைக் காலியாக எடுக்காதீர்கள்.