அறிக்கைகளுக்கு மெட்டீரியலைஸ்டு வியூவா, சுருக்க அட்டவணையா?

பில் அட்டவணையில் வரிசைகள் கோடிகளைத் தாண்டிய பிறகு, மாத அறிக்கையை அதிலிருந்து நேரடியாக எடுப்பது சரிவராது. கூட்டல்களை முன்கூட்டியே போட்டு வைத்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அதற்கு, ஒரு வினவலின் விடையையே சேமித்து வைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூ ஒரு வழி, நாமே நிரப்பிப் பராமரிக்கும் சுருக்க அட்டவணை மற்றொரு வழி. முதலாவதை ஓராண்டு ஓட்டிவிட்டு இரண்டாவதற்கு மாறியவன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

படிக்கும் வேகத்தில் இரண்டும் ஒன்றே. உருவாக்கும் எளிமையில் 2013-இல் 9.3 பதிப்போடு வந்த மெட்டீரியலைஸ்டு வியூ முந்துகிறது. வேறுபாடு பராமரிப்பில்தான் இருக்கிறது.

நேற்று ஒரே ஒரு பில் மாறியிருந்தாலும், வியூவைப் புதுப்பிக்க ரெஃப்ரெஷ் செய்யும்போது ஐந்தாண்டுத் தரவு முழுவதும் மீண்டும் கூட்டப்படுகிறது. அது முடியும்வரை வியூவை யாரும் படிக்கவும் முடியாது. 9.4-இல் வந்த கன்கரன்ட்லி முறை இந்தப் பூட்டைத் தவிர்க்கிறது என்றாலும், அதற்கு ஒரே மதிப்பு இருமுறை வராததை உறுதிசெய்யும் யுனிக் இண்டெக்ஸ் வேண்டும், முழுக் கூட்டலும் குறைவதில்லை. அதைவிடத் தொல்லை, வியூவின் வினவலை மாற்றுவது. இருப்பதையே மாற்றி எழுதும் ‘கிரியேட் ஆர் ரீப்ளேஸ்’ கட்டளை மெட்டீரியலைஸ்டு வியூவுக்குக் கிடையாது. டிராப் செய்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும், இண்டெக்ஸ்களும், படிக்கும் உரிமை தரும் கிரான்ட்களும் அதோடு போய்விடும். ஒருமுறை நான் கிரான்ட்டை மறந்துவிட, மறுநாள் காலை கணக்குப் பிரிவினர் அனைவருக்கும் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தது.

சுருக்க அட்டவணையில் நாள், கிளை, பொருள் மூன்றையும் சேர்த்து, ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயாக வைத்து, ஒவ்வோர் இரவும் கடந்த ஏழு நாள்களை மட்டும் திரும்பக் கூட்டி வந்தோம். மூன்று வாரப் பழைய பில் ஒன்று ரத்தானபோது, அறிக்கையும் பேரேடும் சரியாக அந்த ஒரு பில்லின் தொகையளவுக்கு வேறுபட்டு நின்றன. அதன்பின் முறையை மாற்றினோம்: சென்ற ஓட்டத்துக்குப் பிறகு மாறிய பில்கள் எந்தெந்த நாள்களுக்குரியவை என்று எடுத்து, அந்த நாள்களின் வரிசைகளை முழுவதுமாக நீக்கி, ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதும் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது) மறுபடியும் நிரப்புகிறோம். வித்தியாசத்தை மட்டும் கூட்டிக் கழிப்பது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அந்த வேலை தவறி இருமுறை ஓடினால் தொகை இரட்டித்துவிடும், ஒரு நாளின் வரிசைகளை முழுதாக நிரப்பினால் எத்தனை முறை ஓடினாலும் விடை ஒன்றுதான்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. அடியோடு நீக்கப்பட்ட பில் தடயம் விடாது என்பதால், ரத்து என்பது ஒரு நிலைக்குறியாகவே பதியப்பட வேண்டும். அடுத்து, பில் மாறிய நேரத்தை, இப்போதைய நேரத்தைத் தரும் ‘நவ்’ சார்பால் பதிந்தால் அது டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரமாகவே இருக்கும். கமிட், அதாவது மாற்றம் உறுதியாகிப் பிறருக்குத் தெரிவது, தாமதமாகும் பில் இரவு வேலையின் கண்ணில் படாமல் தப்பிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும், சென்ற ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே மாற்றங்களைத் தேடத் தொடங்குகிறோம்.

ஆரக்கிள் என்ற மற்றொரு தரவுத்தளத்தின் மெட்டீரியலைஸ்டு வியூவில் மாற்றங்களை மட்டும் சேர்க்கும் ஃபாஸ்ட் ரெஃப்ரெஷ் இருக்கிறது. அதை நான் நடைமுறையில் ஓட்டியதில்லை, எனவே இந்தத் தீர்ப்பு அங்கே பொருந்தாமல் போகலாம். போஸ்ட்கிரெஸிலும், ரெஃப்ரெஷ் ஓரிரு நிமிடத்தில் முடியும் அளவுக்குத் தரவு சிறியதென்றால், மெட்டீரியலைஸ்டு வியூவை விட்டு மாறக் காரணமில்லை. எங்களிடமே இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது: ஒரே வாடிக்கையாளர் பல நாள்களில் வருவதால், மாதத்தின் தனித்த வாடிக்கையாளர் எண்ணிக்கையை நாள்வாரி எண்களைக் கூட்டிப் பெற முடியாது, அந்த ஓர் அறிக்கை மட்டும் மெட்டீரியலைஸ்டு வியூவிலிருந்தே வருகிறது.