மயிலாப்பூர் பிரேம் கடையில் ஒரு ஜப்பானிய அச்சு

ஜப்பானிய ஓவியர் கவாசே ஹசுய் 1925இல் வரைந்து, வதனபே ஷோசாபுரோ பதிப்பித்த, டோக்கியோவின் ஜோஜோஜி கோயிலைக் காட்டும் மரக்கட்டை அச்சின் பிற்காலப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. கொட்டும் பனியில் சிவப்பு வாசலின் முன்னால் ஒரு பெண் குடை பிடித்துச் செல்லும் காட்சி அது. முதற்பதிப்பு வாங்குமளவுக்கு எனக்கு வசதியில்லை. இதற்குப் பிரேம் போட, மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு அருகில், சாமி படங்களும் தஞ்சாவூர் ஓவியங்களும் அடுக்கிக் கிடக்கும் சிறிய கடை ஒன்றை நாடினேன்.

முன்பு வேறொரு கடையில் சூடு பட்டிருந்தேன். அங்கே என் அச்சொன்றை ஹார்டுபோர்டில் முழுவதுமாகப் பசை தடவி ஒட்டிவிட்டார்கள். மல்பெரி இனத்தைச் சேர்ந்த கோசோ செடியின் நாரிலிருந்து செய்யும் வாஷித் தாளில், அச்சிடுபவர் 'பாரென்' என்னும் வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்த தடம் பின்புறம் தெரியும். சேகரிப்பவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். என்னுடையதில் இனி அதைப் பார்க்க வழியில்லை.

ஆகவே இம்முறை வாஷித் துண்டுகளையும் கோதுமை மாச்சத்தைக் காய்ச்சிய பசையையும் நானே கொண்டுபோனேன். "போஸ்டர் ஒட்டுற பசையா சார்?" என்று கடைக்காரர் சிரித்தார். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு, இதில் அது கூடாது என்று விளக்கியதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மேல் விளிம்பில் இரண்டே இடங்களில், விரல்நக அகலத்துக்குத் துண்டை மடித்து ஒட்டி, அச்சைத் தொங்கவிட்ட விதத்தில் தஞ்சாவூர்ப் படத்துக்குத் தங்கத்தாள் பதித்துப் பழகிய கையின் நிதானம் தெரிந்தது. படத்தைச் சுற்றிச் சட்டம்போல் வைக்கும் அமிலமற்ற மவுண்ட் அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கண்ணாடி இரண்டையும் வரவழைத்துத் தந்தார். கண்ணாடி அச்சில் படாதபடி மவுண்ட் இடைவெளி விட்டதும் சரியே. நம் ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

குறை உண்டு. இடப்பக்க ஓரத்தில் இருக்கும் தலைப்பு எழுத்துகளை மவுண்ட் மறைத்துவிட்டது. திருப்பிக் கொடுத்து, அகலமாக வெட்டச் சொல்லி வாங்க இன்னொரு வாரம் ஆயிற்று. மொத்தம் 4,200 ரூபாய், தெருமுனைக் கடையைவிட மூன்று மடங்கு. மிஞ்சிய வாஷித் துண்டை விரலால் தடவிப் பார்த்து, தமக்கு வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த அச்சையும் அவரிடமே கொடுக்கப்போகிறேன்.