கடப்பா தரையும் கண்ணாடிச் சுவரும்: எட்டுக் கோடைக்குப் பிறகு

திருச்சியில் வீடு கட்டும்போது ஹாலின் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்று அடம்பிடித்தது நான். தரைக்குக் கடப்பா கல்தான் என்று நின்றது அம்மா. "கறுப்புத் தரையா? குடோன் மாதிரி இருக்கும்" என்று நான் சொன்னதை இன்றும் சொல்லிக் காட்டுவார்.

முதலில் வெயில். மேற்கு வெயில் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே நுழைந்துவிடுகிறது. அதில் சூடான தரை திருப்பி விடும் வெப்பத்துக்கு அதே கண்ணாடி வழிவிடுவதில்லை. கல்லோ சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாகத்தான் விடும். நாலு மணி வெயில் ராத்திரி ஒன்பதுக்கும் காலில் தெரியும். ஹாலின் மறுகோடியில், வெயில் எட்டாத இடத்தில், அதே கல் சித்திரை மதியத்திலும் ஜில்லென்று இருக்கிறது. அம்மா தலையணையோடு அங்கே போய்ப் படுத்துக்கொள்வார். உள்பக்கம் திரை போட்டுப் பார்த்தோம், பெரிய பலனில்லை. வெயில் உள்ளே வந்த பிறகுதானே திரை மறிக்கிறது! இரண்டாம் வருஷம் வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். வேடிக்கை பார்க்க வைத்த கண்ணாடி, வருஷத்தில் நாலு மாசம் தட்டிக்குப் பின்னால்.

அப்புறம் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் கழுவினால் கண்ணாடி காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள். சுண்ணாம்பு உப்புதான், வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தால் போய்விடும். ஆனால் கடப்பாவும் சுண்ணாம்புக்கல் வகை என்பது அப்போது உறைக்கவில்லை. வழிந்த வினிகர் கண்ணாடிக்குக் கீழே தேங்கி, பாலிஷை அரித்து, ஒரு முழ நீளத்துக்குச் சாம்பல் திட்டு. தேங்காய் எண்ணெய் தேய்த்தால் கொஞ்ச நாள் மறைகிறது. மறுபடி பாலிஷ் மெஷின் ஓட்டினால்தான் நிஜமாகப் போகும். சமையல் மேடைக்கு கிரானைட் போட்டது நல்லதாயிற்று, புளியும் எலுமிச்சையும் அதன்மேல் பலிக்கவில்லை. இப்போது கண்ணாடி துடைக்கும் நாளில் கீழே பழைய வேட்டி விரிக்கிறோம்.

கல்லில் அளவு கூடினால் கொத்தனார் அங்கேயே கட்டரில் சரிபண்ணிவிடுவார். டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கி உறுதியேற்றிய கண்ணாடி, அப்படியில்லை. வெட்டி, ஓட்டை போட்டு முடித்த பிறகுதான் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். அதற்கப்புறம் வெட்டினால் மொத்தமும் நொறுங்கும். அரை அங்குலம் கூடிப்போன ஒரு பலகைக்கு இரண்டு முறை காசு கொடுத்தோம்.

ஐந்தாம் வருஷம் ஒரு நடுராத்திரி, யாரும் தொடாமலே குளியலறையின் டஃபன்ட் கண்ணாடித் தடுப்பு வெடித்தது. தரையெங்கும் கற்கண்டு மாதிரி சில்லுகள். உள்ளே நிக்கல் சல்பைடு துகள் இருந்தால் வருஷங்கள் கழித்தும் விரிந்து இப்படி உடைக்கும். எங்களுடையது அதனால்தானா, ஓரத்தில் அடிபட்டிருந்ததா, தெரியாது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். புதிதாகப் போடுபவர்கள் ஹீட் சோக் (இப்படி உடையக்கூடியதை ஆலையிலேயே மறுபடி சூடாக்கி உடையவிட்டுக் கழிக்கும் சோதனை) செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். உடைந்தாலும் நடுவிலுள்ள படலத்தில் ஒட்டி நிற்கும் லேமினேட்டட் வகை இன்னும் நிம்மதி.

மறுபடி கட்டினால் தரையில் கை வைக்க மாட்டேன். கண்ணாடியை வடக்குப் பக்கம் மாற்றுவேன். கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துப் பெரியப்பா மூக்கை இடித்துக்கொண்டதிலிருந்து, கண் உயரத்தில் வரிசையாகச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. உருப்படியான யோசனை, என் மனைவியுடையது.