ஷாம்புவா, சீயக்காயா, அரப்பா? முதலில் எண்ணெயைப் பேசுவோம்

ஷாம்புவை விட்டு சீயக்காய்க்கு மாறிய என் தோழிகள் பலர் ஒரே மாதத்தில் திரும்பிவிட்டார்கள். எல்லோரும் சொன்ன குறை ஒன்றுதான்: "முடி வைக்கோல் மாதிரி ஆயிடுச்சு." முதல் தடவை நானும் அப்படித்தான் திரும்பினேன். அந்தச் சமயம் கோபிசெட்டிபாளையத்துக்குப் போயிருந்தபோது அம்மாயி (அம்மாவின் அம்மா) என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எண்ணெ வெக்காம சீயக்கா போட்டயா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம், ஷாம்பு போடுவதைப் போலவே வெறுந்தலையில் போட்டுத் தேய்த்திருக்கிறேன். தவறு அங்கேதான்.

ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தால் தண்ணீருக்கு அடுத்து பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்ஃபேட் இருக்கும். எண்ணெயையும் அழுக்கையும் பிரித்தெடுப்பது அதுதான். இன்னும் கீழே வந்தால் பல ஷாம்புகளில் டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் இருக்கும். அது முடியின் மேல் மெல்லிசாகப் படிந்து வழவழப்பைக் கொடுக்கிறது. அதாவது எடுப்பதும் பூசுவதும் ஒரே பாட்டிலில் நடக்கிறது. சீயக்காயில் நுரைக்கும் பொருள் சப்போனின். அதுவும் எண்ணெயைப் பிரித்தெடுக்கும், ஆனால் பதிலுக்கு எதையும் பூசாது. பூசுகிற வேலையை நம் வீடுகளில் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் செய்துவந்தன. எண்ணெயைக் கழற்றிவிட்டு சீயக்காயை மட்டும் எடுத்துக்கொண்டால் முறையில் பாதிதான் நம்மிடம் இருக்கிறது.

அதனால் வெறுந்தலையில் போட்டு ஷாம்புவையும் சீயக்காயையும் ஒப்பிடுவது சரியில்லை. எண்ணெய் வைத்த தலையில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஷாம்புவை இரண்டு தடவை, சில சமயம் மூன்று தடவை போட்டால்தான் எண்ணெய் போகும். அப்படிப் போகும்போது தலைத்தோலும் சேர்ந்து வறளும். நல்ல சீயக்காய் ஒரே தடவையில் பிசுக்கை எடுத்துவிட்டு, தேவையான அளவு எண்ணெயை முடியில் விட்டுவைக்கும். அந்த வித்தியாசத்தை ஈரம் காயும்போது விரல் நுனியிலேயே உணரலாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

சீயக்காயைக் கடையில் பொடியாக வாங்குவதைவிட காயாக வாங்கி அரைப்பதையே நான் விரும்புகிறேன். என் கணக்கு: ஒரு கிலோ சீயக்காய்க்கு கால் கிலோ பாசிப்பயறு, நூறு கிராம் வெந்தயம், ஒரு கைப்பிடி பூலாங்கிழங்கு, காய்ந்த செம்பருத்திப் பூவும் எலுமிச்சைத் தோலும் கிடைத்த அளவு. மூன்று நாள் நல்ல வெயிலில் காய வேண்டும். காயை ஒடித்தால் வளையாமல் 'படக்' என்று உடைய வேண்டும். வளைந்தால் மில்லில் சிக்கிக்கொள்ளும், பொடியும் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். எல்லா மில்லிலும் இதை அரைத்துத் தரமாட்டார்கள். அடுத்து வரும் கோதுமை மாவில் கசப்பு ஏறிவிடுமே. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு போங்கள், அந்தத் தூள் பறந்தால் தெருமுனை வரைக்கும் தும்மல் விடாது. அரைத்து வந்ததும் இன்னொரு தடவை சலித்துவிடுங்கள். திப்பி இருந்தால் நீள முடியில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

அரப்பு கொங்குப் பக்கத்துச் சொத்து. உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடி. நுரை குறைவுதான், ஆனால் கஞ்சியில் குழைத்தால் வழவழவென்று வரும். சோறு வடித்த கஞ்சி ஆறியதும் அதில் மூன்று கரண்டி அரப்பைப் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் இட்லி மாவு பதத்துக்கு வந்துவிடும். வறண்ட முடி, சுருட்டை முடிக்காரர்களுக்கு சீயக்காயைவிட அரப்பையே சொல்வேன். என் அனுபவத்தில் அது அந்த அளவுக்கு எண்ணெயை இழுப்பதில்லை, சிக்கும் குறைவு. குறை என்றால் அலசுவதுதான். இடுப்பு வரை முடி இருந்தால் இரண்டு வாளி தண்ணீர் ஆகும்.

பூந்திக்கொட்டை பொடித் தொல்லை பிடிக்காதவர்களுக்கு. எட்டுப் பத்துக் கொட்டையை விதை நீக்கி இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்துப் பிசைந்து வடிகட்டினால் ஷாம்பு போலவே நுரைக்கும் தண்ணீர் கிடைக்கும். பட்டுப் புடவைக்கும் நகைக்கும் போடுவது இதைத்தான். தனியாகப் போட்டால் முடி நிச்சயம் வறளும், அதனால் அரைத்த செம்பருத்தி இலையோடு சேர்த்துப் போடுங்கள். கண்ணில் பட்டால் சீயக்காயைவிட மோசமாக எரியும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, பிறகு எலுமிச்சையோ வினிகரோ விடும் முறையை மட்டும் செய்யாதீர்கள். தலைத்தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். சுமார் 5.5. சோடாவோ காரம். ஒரே குளியலில் காரத்துக்கும் அமிலத்துக்கும் முடியை இழுத்தடித்தால் அதன் மேல்செதில் தூக்கிக்கொள்ளும், நாளடைவில் முடி உடையும்.

ஷாம்பு தெளிவாக ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன. முதலாவது உப்புத் தண்ணீர். சென்னை போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். பல ஷாம்புகளில் சேர்க்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருள், தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுப் பொடியில் அதற்கு வழியில்லை. நான் கடைசி இரண்டு சொம்புக்கு மட்டும் குடிதண்ணீரை எடுத்துவைக்கிறேன், ஓரளவு சமாளிக்கிறது.

இரண்டாவது பொடுகு. மலசீசியா என்ற பூஞ்சை தலையில் இருக்கும் எண்ணெயைத் தின்றே வளர்கிறது. செதில் செதிலாக உதிர்ந்து அரிக்கும்போது எண்ணெய் வைத்து ஊறவிடுவது அதற்குச் சாப்பாடு போடுவதுதான். இந்த நிலையில் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை மருத்துவர் சொன்னபடி, பொதுவாக வாரம் இரண்டு தடவை, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுவதே சரி. அடங்கிய பிறகு பொடிக்கு வரலாம்.

முடி கொட்டுவதற்காக மாறுகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாளில் ஐம்பதிலிருந்து நூறு முடி வரை உதிர்வது இயல்பு. பிரசவமாகி மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, இவற்றையெல்லாம் சீயக்காயும் நிறுத்தாது, ஷாம்புவும் நிறுத்தாது. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஷாம்பு ஜெயிக்கும் மூன்றாவது இடம் நேரம். 1983இல் கடலூரிலிருந்து சிக் ஷாம்பு கிளம்பி, பிறகு 50 பைசா பாக்கெட்டில் கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் போனது. விலை குறைவு என்பதோடு, பாக்கெட்டைக் கிழித்ததும் ஐந்து நிமிடத்தில் வேலைக்குக் கிளம்பிவிடலாம். வயலுக்கும் மில்லுக்கும் போகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எண்ணெய், ஊறல், கஞ்சி, இரண்டு வாளி தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒன்றரை மணி நேரம் வேண்டும். தினமும் தலைக்குக் குளிக்கிறவர்களுக்கும் விடுதியில் இருக்கிறவர்களுக்கும் மென்மையான ஷாம்புவே பொருந்தும்.

மாறுகிறவர்களுக்கு முதல் மூன்று வாரம் முடி மங்கலாகத் தெரியும். 'உடம்பிலிருந்து ரசாயனம் வெளியேறுகிறது' என்பார்கள், அப்படி எதுவும் இல்லை. முடியின் மேலிருந்த சிலிக்கோன் பூச்சு போய்விட்டது, அவ்வளவுதான். அப்போது எண்ணெயை ஒரு கரண்டி கூட்டி, பொடியை ஒரு கரண்டி குறைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை அரப்பு, நடுவில் புதன்கிழமை ஒரு தடவை ஷாம்பு. விடுதியில் படிக்கும் மகள் அங்கே ஷாம்புதான் போடுகிறாள். லீவில் வந்த முதல் சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தானாகவே என் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அன்றைக்கு மட்டும் துவட்டுவதற்குப் பழைய பச்சைத் துண்டு. வெள்ளைத் துண்டில் அரப்புக் கறை ஏறினால் போகாது.