டிக்கெட்டுக்கு முன்னால் பட்டியலைப் பாருங்கள்: உள்ளாட்சி ஓட்டுக்கு ஊர் வருபவர்களுக்கு

சட்டமன்றத் தேர்தலுக்கு எட்டிப் பார்க்காதவர்கள்கூட ஊராட்சித் தலைவர் தேர்தல் என்றால் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கிளம்பி வருகிறார்கள். நிற்பவர் பங்காளியாக இருப்பார், இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரர். பத்து ஓட்டில் முடிவு மாறும். ஆனால் விடுப்பும் டிக்கெட்டும் வாங்குவதில் காட்டும் அக்கறையைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதில் யாரும் காட்டுவதில்லை. சாவடி வாசல்வரை வந்து திரும்புகிறவர்களில் பலருக்கு நேர்வது இதுதான்.

தேதியை நம்பித் திட்டம் போட முடியாது என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்றுகள் நிறைய. 2016-இல் அக்டோபர் 17, 19 என்று அறிவித்த தேர்தலை அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019-இல் டிசம்பர் 2-ஆம் தேதி வந்த அறிவிப்பு சில நாளிலேயே உச்ச நீதிமன்றத்தில் சிக்கியது. புதிதாகப் பிரித்த 9 மாவட்டங்களை விட்டுவிட்டு, மற்ற 27 மாவட்டங்களுக்கு டிசம்பர் 27, 30 என்று மறுபடி அறிவித்தார்கள். விடுபட்ட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் ஓட்டுப்பதிவு. நகர்ப்புறத்துக்கு 2022 ஜனவரி 26-இல் அறிவிப்பு, பிப்ரவரி 19-இல் ஓட்டு. ஆக, அறிவிப்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் கிடைப்பது மூன்று வாரத்துக்குச் சற்று மேல். அதற்குள் விடுப்பு கேட்டு டிக்கெட் போடலாம், பட்டியலில் பெயர் சேர்ப்பதுதான் நடக்காது. அந்த வேலையைத் தேர்தல் பேச்சே இல்லாத ஒரு விடுமுறையில் முடித்துவிட வேண்டும்.

கிராமப்புறத் தேர்தல் இரண்டு கட்டமாக நடக்கும். உங்கள் ஊர் எந்த ஊராட்சி ஒன்றியத்தில் இருக்கிறதோ அந்த ஒன்றியத்தின் தேதிதான் உங்களுக்கு. மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்து டிக்கெட் போட வேண்டாம். மாற்றினால் கட்டணம் பிடிக்காத டிக்கெட்டாக எடுப்பது நல்லது.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அது தனியாக வாக்காளர் பெயர்களைச் சேர்ப்பதில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது. அதனால் சட்டமன்றப் பட்டியலில் இல்லாத பெயர் வார்டுப் பட்டியலிலும் வராது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைச் சரிபார்த்த பணி), டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன. வீட்டில் ஆள் இல்லை, படிவம் திரும்பி வரவில்லை என்றால் பெயர் போய்விடும். பத்து வருடமாக அம்மா பத்திரமாக வைத்திருக்கும் வாக்காளர் அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை.

வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாட்டில் தங்கியிருப்பவர், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர் என்றால் பெயர் சேர்க்கக் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் படிவம் 6ஏ. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டு ஓசிஐ அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு ஓட்டுரிமை கிடையாது. புகைப்படம், பாஸ்போர்ட்டில் படமும் முகவரியும் உள்ள பக்கங்கள், செல்லுபடியாகும் விசா பக்கம் ஆகியவை வேண்டும். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே ஏற்றிவிடலாம், இ-சேவை மையத்தில் காத்திருக்கத் தேவையில்லை. சிக்கல் பெரும்பாலும் முகவரியில்தான் வருகிறது. பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியில்தான் பெயர் சேரும். தூதரகத்தில் புதுப்பித்தபோது அங்குள்ள வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும். பழைய வாக்காளர் அட்டை இருந்தால் ஒப்படைக்க வேண்டும். சாதாரண வாக்காளராக ஒரு பெயர், 6ஏ-வில் இன்னொரு பெயர் என்று இரண்டு இடத்தில் வைத்துக்கொள்வது குற்றம். பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

இணையத்தில் அனுப்பியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் வழக்கமான தவறு. விண்ணப்பம் வாக்குச்சாவடி நிலை அலுவலர் கைக்குப் போகும். ஊர்ப்பக்கம் அவர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். அவர் வீட்டுக்கு வந்து விசாரிக்கும்போது வீடு பூட்டியிருந்தாலோ, ‘அவன் இங்க இல்லியே’ என்று பெரியப்பா ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டாலோ கதை முடிந்தது. வீட்டில் இருப்பவர்களிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள். அலுவலரின் எண் ஆணையத் தளத்தில் கிடைக்கும். பேசினால் பெரும்பாலும் நன்றாகவே பதில் சொல்கிறார்கள், அவர்களுக்கும் பட்டியல் சரியாக முடிந்தால் நிம்மதி. தாலுகா அலுவலகத் தேர்தல் பிரிவில் அந்த அனுபவத்தை எதிர்பார்க்க வேண்டாம். ‘ஆன்லைன்ல பாருங்க சார்’ என்பதுதான் பதில். விண்ணப்ப எண்ணைக் காகிதத்தில் எழுதி நீட்டினால்தான் கணினிப் பக்கம் திரும்புவார்கள். விசாரிக்க 1950-க்கும் அழைக்கலாம்.

பெயர் ஏறிய பிறகும் ஒரு வேலை பாக்கி. சட்டமன்றப் பட்டியலைப் பாகம் பாகமாகப் பிரித்திருப்பார்கள்; 6ஏ பெயர்கள் உங்கள் பாகத்தின் கடைசியில் வெளிநாடு வாழ் வாக்காளர் என்று தனியாக இருக்கும். வார்டாகப் பிரித்து ஊராட்சி அலுவலகத்தில் பட்டியல் வைக்கும்போது அந்தக் கடைசிப் பக்கமும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று யாராவது நேரில் பார்க்க வேண்டும். சட்டமன்றப் பாக எண்ணும் உள்ளாட்சி வார்டு எண்ணும் வேறு வேறு. போன தேர்தலில் ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்துக்கே இந்த முறையும் போய் நிற்காதீர்கள்.

தபால் ஓட்டோ, ஆள் வைத்துப் போடும் ஓட்டோ வெளிநாட்டுக்காரருக்கு இல்லை. நேரில்தான் வர வேண்டும். 6ஏ வாக்காளருக்கு அசல் பாஸ்போர்ட்தான் அடையாளம், கைப்பேசியில் படம் காட்டினால் செல்லாது.

நகரத்தில் இயந்திரம், ஒரே ஓட்டு, கவுன்சிலருக்கு மட்டும். மேயரைக் கவுன்சிலர்களே பிறகு தேர்ந்தெடுப்பார்கள். கிராமத்தில் வாக்குச்சீட்டு, ஆளுக்கு நாலு ஓட்டு: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். முதல் இரண்டும் கட்சி சார்பற்றவை. உதயசூரியனையும் இரட்டை இலையையும் தேடிக்கொண்டு நிற்காமல், உங்கள் ஆளின் சின்னம் பூட்டு சாவியா ஆட்டோவா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் பழகியவர்கள் சீட்டை மடிப்பதில்தான் ஓட்டைக் கெடுக்கிறார்கள். முத்திரை மை ஈரமாக இருக்கும்போது குறுக்கே மடித்தால் பக்கத்துச் சின்னத்திலும் ஒட்டிக்கொள்ளும். முதலில் நெடுக்காக மடித்து, பிறகு குறுக்கே மடிக்க வேண்டும்.

தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது கல்யாணச் செலவுக்கென்று 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் வங்கிச் சீட்டு கையில் இருக்கட்டும். பறக்கும் படை ஆவணம் கேட்கும், இல்லையென்றால் பணத்தைப் பறிமுதல் செய்துவிடும்.

உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருந்தால் சண்டை பிடிக்காமல் சாவடியின் தலைமை அலுவலரிடம் டெண்டர் ஓட்டு, அதாவது இப்படிப்பட்டவர்களுக்கென்று தரும் தனி வாக்குச்சீட்டு, கேளுங்கள். அந்தச் சீட்டைப் பெட்டியில் போடாமல் தனி உறையில் வைப்பார்கள். முதல் எண்ணிக்கையில் அது சேராது. அதனால் வெளிநாட்டில் இருப்பவர் பெயர் என்று ஊரில் தெரிந்திருந்தால், காலை 7 மணிக்கே வரிசையில் நின்றுவிடுங்கள்.