புராஜெக்ட் மானியமா, கோர் மானியமா: வக்கீல் நோட்டீஸ் கற்றுத் தந்த கணக்கு

நெருக்கடியில் இருக்கும் சுதந்திர ஊடகங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணம் பெரும்பாலும் இரண்டு வகை. இத்தனை புலனாய்வுக் கட்டுரை, இத்தனை பயிற்சிப் பட்டறை, இன்ன தேதிக்குள் என்று எழுதிக் கொடுத்து வாங்குவது புராஜெக்ட் மானியம். நிறுவனம் உயிரோடு இருப்பதற்காகவே தருவது கோர் மானியம். வாடகை, சம்பளம், சர்வர் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிறிய செய்தித்தளத்தின் கணக்குவழக்கை நான்கு ஆண்டுகளாகப் பார்ப்பவன் நான். போன ஆண்டு இரண்டுமே கைக்கு எட்டின. தொகை குறைவாக இருந்தும் கோர் மானியத்தையே எடுத்தோம்.

புராஜெக்ட் கிடைப்பது சுலபம், அறிவிப்புகளும் அதிகம். முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு வாசல் அதுதான். மாதாமாதம் ரிப்போர்ட் எழுதும் எரிச்சலைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் புலம்பியாகிவிட்டது; விட்டுவிடுகிறேன்.

எங்களை முடிவெடுக்க வைத்தது வேறு. ஒப்பந்தப்புள்ளி மோசடி பற்றி புராஜெக்ட் பணத்தில் ஒரு தொடர் வெளியிட்டோம். திட்டம் முடிந்தது, ஆடிட் முடிந்தது, செலவாகாத மிச்சத்தை விதிப்படி திருப்பி அனுப்பினோம். பதினோரு மாதம் கழித்து அவதூறு வழக்கு என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. நிதி கொடுத்தவர்களுக்கு எழுதினோம். மரியாதையாகப் பதில் வந்தது: திட்டக் காலம் முடிந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்லவில்லை, ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருந்தது. ஆனால் கட்டுரைக்குத் திட்டக் காலம் கிடையாதே. அது இணையத்தில் கிடக்கும்வரை யாரும் வழக்குப் போடலாம். மால்டாவில் 2017-இல் கார் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலீசியா மீது அப்போது 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவற்றில் பல, அவர் இறந்த பிறகு குடும்பத்தின் தலையில் விழுந்தன.

புராஜெக்டில் நாளைக்கென்று எடுத்து வைக்க வழியில்லை. அமெரிக்க அரசுப் பணத்தில், தனியாக விகிதம் பேசி வாங்காத அமைப்புக்கு நிர்வாகச் செலவு என்று 10 சதவீதம்தான் கிடைத்து வந்தது. 2024 அக்டோபரில்தான் அது 15 ஆனது. கணக்காளர், வாடகை, காப்பீடு எல்லாம் அதற்குள். வக்கீலுக்கு எங்கே போவது? கோர் மானியத்தில் மாதம் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கிறோம்; எங்கள் ஒப்பந்தம் அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. எல்லா கோர் ஒப்பந்தமும் அப்படி இருக்காது, கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோர் என்றதும் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்க வேண்டாம். பணம் யாருடையது என்பதும் முக்கியம். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அந்த ஆண்டு சுதந்திர ஊடகங்களுக்கென்று ஒதுக்கியிருந்த சுமார் 26.8 கோடி டாலரும் அதில் சிக்கியது. ஓசிசிஆர்பி போன்ற பெரிய புலனாய்வு இதழியல் அமைப்பே ஊழியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. மானியம் எந்த வகை என்று அந்த ஆணை பார்க்கவில்லை. ஜார்ஜியா நாட்டின் 2024 சட்டமும் பார்க்கவில்லை: வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தால், அந்நிய சக்தியின் நலனுக்காக இயங்கும் அமைப்பு என்று பதிவு செய்ய வேண்டும் என்றது.

வாசகர் பணம் மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் மலேசியாவின் செய்தித்தளமான மலேசியாகினியைக் காட்டுவார்கள். 2021 பிப்ரவரியில் வாசகர் கருத்துகளுக்காக நீதிமன்றம் விதித்த 5 லட்சம் ரிங்கிட் அபராதத்தை வாசகர்களே சில மணி நேரத்தில் திரட்டிக் கொடுத்தார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தளத்துக்கு அப்போது இருபது வயது நிறைந்திருந்தது. நாட்டுக்கு வெளியிலிருந்து இயங்கும் ரஷ்யச் செய்தித்தளமான மெதூசாவுக்கும் ரஷ்ய வாசகர்கள் அள்ளித்தான் கொடுத்தார்கள். 2022-இல் ரஷ்ய வங்கி அட்டைகள் வெளிநாடுகளில் செல்லாமல் போனதும் அந்த வழி அடைபட்டது.

கடன் என்றும் ஒரு வழி உண்டு. மீடியா டெவலப்மெண்ட் இன்வெஸ்ட்மெண்ட் ஃபண்ட் என்ற அமைப்பு 1990-களின் நடுவிலிருந்து சுதந்திர ஊடகங்களுக்குக் கடன் கொடுக்கிறது, பங்கும் வாங்குகிறது. நான் கடனில் செய்தித்தளம் நடத்தியதில்லை, அதனால் அதிகம் பேசமாட்டேன். விளம்பரமோ சந்தாவோ ஓரளவு நிலையாக வருபவர்களுக்கு அது பொருந்தும் என்று தோன்றுகிறது. எங்களுக்கு அப்படி எதுவும் வருவதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் கோர் மானியமும் இரண்டு ஆண்டுக்குத்தான். ஒதுக்கிவைத்த பணம், வக்கீல் சொன்ன கட்டணத்தில் இன்றைக்குப் பாதிகூட இல்லை. மீதிக்கு ஒரு புராஜெக்ட் விண்ணப்பத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை பட்ஜெட்டின் முதல் வரியிலேயே வழக்குச் செலவைப் போட்டிருக்கிறேன். வெட்டுவார்களா விடுவார்களா, பார்க்கலாம்.