கிரவுன் பினியன் மாத்தியாச்சு, 3.73 போய் 4.56 வந்தாச்சு: சாமானுக்கு நல்ல மார்க், மொதல் ஃபிட்டிங்குக்கு பூஜ்யம்

சத்தத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். ரெண்டு ஆக்ஸிலுக்கும் புது கிரவுன் பினியன் (இஞ்சின் சுத்துறதைக் குறைச்சு சக்கரத்துக்குத் திருப்பி விடுற ஜோடி கியர், பெருசு கிரவுன், சின்னது பினியன்) போட்டு வண்டியை வெளிய எடுத்த அன்னைக்கு, ஒரு 65ல போயிட்டு ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தேன், பின்னாடி யாரோ சங்கு ஊதுற மாதிரி ஊஊன்னு ஒண்ணு கிளம்பிச்சு. திரும்ப மிதிச்சா சுருதி மாறுது, நியூட்ரல்ல உருட்டினா அடங்கிடுது. ஃபிட் பண்ண இடத்துக்கு போன் போட்டா "புது கியர் சார், கொஞ்சம் பாடத்தான் செய்யும், ஓட ஓட செட் ஆயிடும்"னு பதில். இதை நம்பி ஓட்டாதீங்க, தானா செட் ஆகவே ஆகாது. தப்பா ஒக்காந்த பல்லு ஓட ஓட தப்பாவே தேயும், அப்புறம் பிரிச்சு சரியா வச்சாலும் சத்தம் போகாம போகலாம். நான் 40 கிலோமீட்டர்லயே நிறுத்தினதால தப்பிச்சேன்.

எதுக்கு இந்த வேலைக்கே போனேன்னா, டயர்தான் காரணம். வண்டி நாலு சக்கர டிரைவ் பிக்கப், கியர்பாக்ஸ் அஞ்சு கியர் மேனுவல், முன்னாடியும் பின்னாடியும் டானா 44ங்கிற மாடல் ஆக்ஸில், வரும்போதே 29 இஞ்ச் டயர், 3.73 ரேஷியோ, அதாவது பினியன் 3.73 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. மண்ணுலயும் பாறையிலயும் அடி தட்டுதுன்னு 33 இஞ்ச் டயர் போட்டேன், பாக்க சூப்பரா இருந்துச்சு, ஓட்ட கடுப்பா இருந்துச்சு. அஞ்சாவது கியர்ங்கிறது சும்மா பேருக்குத்தான், லேசா ஏத்தம் வந்தாலே நாலு, கொஞ்சம் எதிர்காத்து அடிச்சா மூணு, ஃபோர் லோவுல (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்கிற கியர்) பாறை மேல ஏறும்போது கிளட்சை அரைகுறையா வச்சு வச்சு எரிஞ்ச வாடை வேற.

கணக்கு ரொம்ப சிம்பிள். பெரிய டயர் ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகும், அதனால 3.73 இருந்தும் வண்டிக்கு அது 3.28 மாதிரிதான் வேலை செய்யும் (3.73 பெருக்கல் 29, வகுத்தல் 33). பழையபடி ஆகணும்னா 4.24 வேணும், அப்படி ஒரு ரேஷியோ டானா 44க்கு கடையில கிடைக்காது, 4.10 இருக்கு, 4.56 இருக்கு, 4.88 இருக்கு. 4.10 போட்டா பழைய நிலைமைக்குக் கொஞ்சம் கீழ நிக்கும், அதுவும் என் வண்டியில ஸ்டீல் பம்பர், வின்ச் (மாட்டின வண்டியை இழுக்கிற கயிறு மோட்டார்), பின்னாடி சாமான்னு எடை ஏறிக் கிடக்கு. 4.88ல பினியனுக்கு 8 பல்லுதான், பினியன் தலை சின்னதாகும், பலமும் குறையும், நெடுஞ்சாலையில இஞ்சினும் கத்தும். அதனால 4.56. கிரவுன்ல 41 பல், பினியன்ல 9 பல், வகுத்தா 4.56 வரும், பழைய 3.73ங்கிறது 41க்கு 11. நேர் கியர்ல (கியர்பாக்ஸ் ஒண்ணுக்கு ஒண்ணா சுத்துற கியர்) 80 கிலோமீட்டர் வேகத்துக்கு, பழைய சின்ன டயர்ல 2150 ஆர்பிஎம், பெரிய டயர் போட்டப்புறம் 1890, இப்ப 2310.

வாங்குறப்ப நான் ஒரு தப்பு பண்ணேன், வித்தவங்க ஒரு தப்பு பண்ணாங்க. என் தப்பை மொதல்ல சொல்லிடறேன். டானா 44ல கேரியர், அதாவது கிரவுனைத் தாங்குற கூடு, ரெண்டு வகை, 3.73 வரைக்கும் ஒண்ணு, 3.92லேர்ந்து மேல இன்னொண்ணு. ரேஷியோ ஏற ஏற பினியன் சின்னதாகுதுல்ல, கிரவுன் அதை எட்டணும்னா அது ஒக்கார்ற இடம் பினியன் பக்கமா தள்ளி இருக்கணும், அதான் விஷயம். என்னோடது சரியா அந்த எல்லைக்கோட்டுல பழைய பக்கம். கியர் மட்டும் ஆர்டர் பண்ணிட்டு நிம்மதியா இருந்தேன், ஒரு நண்பர் "கேரியர் சொல்லிட்டியா"ன்னு கேட்டப்பதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. பழைய கேரியரிலேயே ஒக்கார்ற மாதிரி தடிமனா வெட்டின கிரவுனும் சில செட்டுல உண்டு. ஆனா நான் பின்னாடிக்கு எப்படியும் லாக்கர் (ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா சுத்த வைக்கிறது) போடணும்னு இருந்தேன், அதனால பின்னாடி லாக்கர், முன்னாடி சாதா கேரியர்னு புதுசாவே எடுத்தாச்சு. பட்ஜெட் எங்கயோ போயிடுச்சு, வீட்டுல இன்னும் முழு பில்லையும் காட்டல.

அவங்க தப்பு என்னன்னா, என் வண்டி முன் ஆக்ஸில் ஹை பினியன், அதாவது பினியன் நடு மட்டத்துக்கு மேல இருக்கும், அதுக்கு ரிவர்ஸ் கட் கியர் வேணும், பல்லோட சுருள் எதிர்ப்பக்கம் போகும். ஆர்டர்ல தெளிவா எழுதியும் பின்னாடிக்குப் போடுற அதே ஸ்டாண்டர்ட் செட்டையே ரெண்டு பெட்டி அனுப்பிட்டாங்க. பெட்டி மேல ரேஷியோ சரியா இருந்ததால நானும் அலமாரியில வச்சுட்டேன், ஒரு வாரம் கழிச்சு பிரிச்சுப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாதான் ரெண்டும் ஒரே பக்கம் சுழியுது. மாத்திக் கொடுத்தாங்க, இல்லேன்னு சொல்லல, ஆனா திருப்பி அனுப்புற செலவு என் தலையில. ரெண்டு பெட்டி வந்தா வந்த அன்னைக்கே பிரிச்சுப் பாத்துடுங்க.

சாமான் தரம் பத்தி. கியர்ல குறை சொல்ல முடியல. பல் மேல வெட்டுத் தடம் ஒரே சீரா இருந்துச்சு, பிசிறு இல்ல, கிரவுன்லயும் பினியன்லயும் ஒரே நம்பர் பொறிச்சிருந்துச்சு, இது முக்கியம், ரெண்டையும் ஜோடியா தேச்சுத்தான் அனுப்புவாங்க, ஒரு செட்டோட பினியனை இன்னொரு செட்டு கிரவுனோட போட்டா ஜென்மத்துக்கும் சத்தம் நிக்காது. கூடவே வாங்கின மாஸ்டர் இன்ஸ்டால் கிட்ல கோன் பேரிங் எல்லாம் டிம்கென் பிராண்ட், ஆயில் சீல், பினியன் நட்டு, கிரவுன் போல்ட்டு, சிம் கட்டு (இடத்தைச் சரி பண்ண நடுவுல வைக்கிற தகடு), பல்லுல தடவுற மஞ்சள் பெயிண்ட்னு எல்லாம் இருந்துச்சு. குறைன்னா ரெண்டு. அந்தப் பெயிண்ட் காஞ்சு போய் பிசின் மாதிரி இருந்துச்சு, கொஞ்சம் கியர் ஆயில் விட்டுக் குழைச்சாங்க. இன்னொண்ணு, சிம்ல மெல்லிசு ரொம்பக் கம்மி, தடிச்சது நிறைய, கடைசியில மெல்லிசா வெளிய தேட வேண்டியதாப் போச்சு.

இப்ப ஃபிட்டிங். மொதல் இடம் பேரு சொல்லப் போறதில்ல, பெரிய இடம்தான், பளபளன்னு இருக்கும். காலையில விட்டேன், சாயந்திரம் ரெடின்னு போன். ரெண்டு ஆக்ஸிலும் ஒரே நாள்ல! எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும், வரல, சந்தோஷமாப் போய் வண்டியை எடுத்தேன். அப்புறம் அந்தச் சங்கு.

ரெண்டாவதா போனது ஒரு பழைய மெக்கானிக் அண்ணன்கிட்ட, டிஃப்ரன்ஷியல் (இந்த கிரவுன் பினியன் இருக்கிற பகுதி) மட்டுமே பாக்குறவர், நண்பர் சொல்லி அனுப்பினது. மொதல்ல வண்டியை என்னையே ஓட்டச் சொல்லி பக்கத்துல ஒக்காந்து கண்ணை மூடிக்கிட்டு கேட்டார். "மிதிச்சா ஒரு சத்தம், விட்டா ஒரு சத்தம், அப்ப பேரிங் இல்ல தம்பி, பல்லுதான்"னார். கவரைக் கழட்டி ஆயிலை வடிச்சு, பல்லைத் துணியால துடைச்சு, பெயிண்டைச் சின்ன பிரஷ்ஷால நாலு பல்லுக்கு தடவி, ஒரு கையால கிரவுனை இறுக்கிப் பிடிச்சு லோடு கொடுத்து இன்னொரு கையால பினியனை ரெஞ்ச் போட்டு முன்னும் பின்னும் சுத்தினார். லைட் அடிச்சு "இங்க வந்து பாரு"ன்னார். மஞ்சள் பெயிண்ட் நடுவுல ஒரு வெள்ளரி விதை மாதிரி வழிச்சு எடுத்த அடையாளம், ஆனா பல்லு நடுவுல இல்ல, உச்சி விளிம்பை ஒட்டி ஒக்காந்திருக்கு. "பாத்தியா, மேல மேல உரசுது. பினியன் உள்ள வரணும். பழைய சிம்மையே போட்டு மூடிட்டான்."

அதுதான் நடந்திருக்கு. பழைய பினியன்ல இருந்த சிம் தடிமன் புது கியருக்குத் தொடங்குறதுக்கு ஒரு இடம், அவ்வளவுதான். அதை வச்சு அடையாளம் பாத்து, கூட்டி, குறைச்சு, திரும்பப் பாத்துத்தான் முடிக்கணும். அடையாளம் உச்சியில இருந்தா பினியன் தள்ளி நிக்குது, சிம் கூட்டணும், பள்ளத்துல இருந்தா ரொம்ப உள்ள வந்துடுச்சு, குறைக்கணும். பினியனை உள்ள கொண்டுவந்தா பேக்லாஷ் (ரெண்டு கியர் பல்லுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) குறையும், அப்ப கிரவுனை பினியன்லேர்ந்து தள்ளி நகத்தணும், அதுக்குத் தனி சிம். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு நகரும், அதான் இது சாயந்திரத்துக்குள்ள முடியுற வேலை இல்ல.

அண்ணன்கிட்ட நான் ரசிச்ச விஷயம், அவர்கிட்ட உள்வட்டத்தைக் கொஞ்சம் தேச்சு லூஸ் பண்ணி வச்ச பழைய பேரிங் ஒரு செட்டு இருக்கு. ஒவ்வொரு தடவை சிம் மாத்தும்போதும் புது பேரிங்கை பிரஸ்ல ஏத்தி, புல்லர் போட்டு இழுத்துன்னு அதை நாசம் பண்ண வேண்டாம், இந்த லூஸ் பேரிங் கையாலயே ஏறி இறங்கும். அளவு கரெக்டா வந்தப்புறம்தான் டிம்கென் பேரிங்கை ஏத்தினார். கேரியர் மூடியைக் கழட்டுறதுக்கு முன்னாடி இடது வலதுன்னு பஞ்ச் அடிச்சு வச்சார், மாத்திப் போடவே கூடாது, அது ஹவுசிங்கோட சேர்த்துக் கடைஞ்சது. ஹவுசிங்கை விரிக்க ஸ்ப்ரெடர் போட்டப்பவும் டயல் கேஜை வச்சுக்கிட்டேதான் திருகினார், அளவுக்கு மேல விரிஞ்சா அது திரும்பாதாம்.

நாலு தடவை பிரிச்சு மாட்டினார். நாலாவது தடவை அந்த வெள்ளரி விதை பல்லோட உயரத்துல நடுவுல வந்து ஒக்காந்துச்சு, ரெண்டு பக்கமும். பேக்லாஷ் மூணு இடத்துல பாத்தார், ஒரு இஞ்சை ஆயிரமாப் பிரிச்சா அதுல 7, 8, 7 பங்கு, 6லேர்ந்து 10க்குள்ள இருந்தா போதும். பினியன் சுத்துற இறுக்கம் ஒரு சின்ன முள் டார்க் ரெஞ்ச்ல 16 இஞ்ச் பவுண்டு காட்டிச்சு, புது பேரிங்குக்கு 14லேர்ந்து 19. பினியன் நட்டு 200 அடி பவுண்டுக்கு மேல, நீளமான பைப்பு போட்டு நானும் சேர்ந்து தொங்கினேன். முன் ஆக்ஸிலையும் திறந்து பாத்தோம், அது அதிர்ஷ்டத்துல சரியா இருந்துச்சு, பேக்லாஷ் மட்டும் கொஞ்சம் திருத்தினார். எல்லாம் சேர்த்து மூணு நாள்.

அப்புறம் ஓட்டிப் பழக்குறது. இதுல நிறைய பேர் கோட்டை விடுவாங்க. மொதல் ஓட்டம் 25 கிலோமீட்டர், மெதுவா, அப்புறம் வண்டியை நிறுத்தி டிஃப்ரன்ஷியல் கை வைக்கிற சூடுக்கு வர்ற வரைக்கும் ஆற விடணும், இதே மாதிரி நாலஞ்சு தடவை. புது பல்லு ஒண்ணோட ஒண்ணு உரசிப் பழகும்போது சூடு எக்கச்சக்கமா ஏறும், அந்த நேரத்துல லோடு இழுத்தா பல்லு மேல்பரப்பு வெந்து போயிடும். 800 கிலோமீட்டர் வரைக்கும் டிரெய்லர், வின்ச் விளையாட்டு எதுவும் இல்ல, 800ல ஆயில் மாத்தணும். நான் ஊத்தினது சாதா மினரல் கியர் ஆயில், 80டபிள்யூ90, ஜிஎல்-5 தரம்.

ஸ்பீடோ மீட்டர் கதை தனி. என் வண்டியில வேகத்தை டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்ஸிலுக்குப் பலத்தைப் பிரிச்சு விடுற பெட்டி) பின்னாடிலேர்ந்து மீட்டர் கேபிள் எடுக்குது. பெரிய டயர் போட்டப்ப 80ல போனா 70தான் காட்டும், கியர் மாத்தினப்புறம் அதே 80க்கு 86 காட்டுது. அந்தக் கேபிள் நுனியில இருக்கிற சின்ன பிளாஸ்டிக் கியரை மாத்தினப்புறம் ஜிபிஎஸ்ஸோட ஒத்துப் போகுது. சக்கரத்துலயே சென்சார் இருக்கிற வண்டியா இருந்தா கியர் மாத்துறதால மீட்டர் மாறாது, டயர் அளவு மட்டும் சரி பண்ணா போதும்.

ஓட்ட எப்படி இருக்குன்னா, வண்டி பத்து வயசு குறைஞ்ச மாதிரி. அஞ்சாவது கியர் திரும்பி வந்துடுச்சு, ஏத்தத்துல நாலுலயே இழுக்குது. ஃபோர் லோவுல மொத கியர் 4, டிரான்ஸ்ஃபர் 2.72, பழைய கணக்குல சக்கரம் ஒரு சுத்து சுத்த இஞ்சின் மொத்தம் 40 சுத்து, இப்ப 49க்கு மேல. போன வாரம் ஒரு படிக்கட்டு மாதிரி பாறை, முன்னாடி கிளட்சை வச்சு அடிச்சுத்தான் ஏறுவேன், இந்தத் தடவை கிளட்ச்லேர்ந்து காலை எடுத்துட்டு சும்மா ஒக்காந்திருந்தேன், அதுவா ஏறிச்சு. இறங்கும்போது பிரேக்கைத் தொடவே இல்ல. மைலேஜ்ல பெருசா வித்தியாசம் தெரியல, நீள ஓட்டத்துல இஞ்சின் கொஞ்சம் அதிகமா சத்தம் போடுது, அவ்வளவுதான்.

மார்க் போடணும்னா கியர் செட்டுக்கு அஞ்சுக்கு நாலரை, கிட்டுக்கு நாலு, வித்த கடைக்கு மூணு, மொதல் ஒர்க்‌ஷாப்புக்கு பூஜ்யம், அண்ணனுக்கு மார்க் போடுற அளவுக்கு எனக்கு வேலை தெரியாது. கவரை மூடுறதுக்கு முன்னாடி பல்லு அடையாளத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும், பேக்லாஷ் நம்பரோட. முகம் சுளிச்சா வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

போன ஞாயித்துக்கிழமை 800 கிலோமீட்டர் ஆயில் மாத்தினேன். காந்தத்துல சாம்பல் நிறத்துல பசை மாதிரி கொஞ்சம், விரல்ல தேச்சா நரநரங்கல, துணுக்கு எதுவும் இல்ல. முன் பினியன் சீல்ல மட்டும் லேசா ஈரம் தெரியுது, துடைச்சுட்டு, ஈரம் பட்டா தெரியுற மாதிரி தூள் போட்டு வச்சிருக்கேன், ரெண்டு வாரம் பாக்குறேன், கசிஞ்சா திரும்ப அண்ணன்கிட்டதான்.